நிற்பதற்கு வேண்டிய இறுக்கம்

என் கணவர் குலை லாரியிலிருந்து விழுந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டு, அது நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த காலம். அறுத்த குலைகளை லாரியில் ஏற்றிவிட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்து ஆலைவரை போவது ஆண்களின் வழக்கம். அன்றைக்கு ஒரு வாய்க்கால் பாலத்தருகே லாரி சாய்ந்தது. கூட இருந்த இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். இவர் மல்லாந்து விழுந்தார்.

ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்தார். முதுகெலும்பு உடைந்து, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது, ஆனால் முழுதாக அறுபடவில்லை என்றார்கள். இடுப்புக்குக் கீழே கால்கள் இரண்டும் செத்துக் கிடந்தன. தூக்கிப் பிடித்து விட்டால் தொப்பென்று விழும். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, நான் ஈரத்துணியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வலது முழங்கால் தானாக மடங்கியது. துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாதியிடம் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொன்னேன். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த மலாய்க்காரப் பெண்ணிடமும் சொன்னேன். எங்கள் இருவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அவரை வார்டில் எல்லோரும் பிசியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் கணவரின் உள்ளங்காலைப் பேனா மூடியால் கீறினார். கால் துள்ளி மடங்கியது. கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

பிசியோ என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "அது அவர் ஆட்டுறது இல்ல. கால் தானா ஆடுது. மூளை என்ன சொல்லுதுன்னு அதுக்குக் கேக்கல," என்று மலாயில் சொன்னார். 'கெஜாங்' என்ற வார்த்தையை அன்றுதான் அவர் வாயிலிருந்து முதலில் கேட்டேன். இழுப்பு, விறைப்பு என்று நாங்கள் சொல்வதை மலாயில் அப்படிச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதுதான் அதன் பெயர். என் கணவரிடம் நான் ஒரு வாரம் எதையும் சொல்லவில்லை.

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இடம் கிடையாது. ஈப்போவில் புந்தோங்கில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். நான் மூன்றாம் படிவம்வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் என்பதால் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. முதலில் நோயாளிகளின் அட்டையை எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு வருடத்தில் மருந்து கட்டிக் கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். டாக்டர் காரைக்குடிப் பக்கத்துக் குடும்பத்துக்காரர். அவருடைய அப்பா, சித்தப்பா எல்லோரும் வியாபாரத்தில் இருந்தார்கள். இவர் மட்டும் படித்து டாக்டரானவர். கறாரான மனிதர். கையெழுத்து மட்டும் கோழி கிண்டியதுபோல் இருக்கும்.

என் கணவர் வேலைக்குப் போனதுதான் நான் எதிர்பார்க்காதது. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு டோபி கடை இருந்தது. நடத்தியவர் ஐம்பது வயதுச் சீன அம்மா. ஹோட்டல் துணி, பள்ளிச் சீருடை, தாதிகளின் வெள்ளை உடை எல்லாம் அங்கே வரும். இஸ்திரி போட ஆள் நின்றுவிட்டான் என்று அவர் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இவர், "நான் போடுறேன் தவுக்கே," என்றார். முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, இஸ்திரி நின்னுதானே போடணும்," என்றார்.

"நிப்பேன்லா."

நின்றார். எப்படியென்று நான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வந்தது. நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, முன்னால் உள்ள மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பிறகு ஒரு கையால் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, அதே கையால் காலைத் தூக்கிக் குதிகாலைத் தரையில் மோதுவார். கால்கள் இரண்டும் உடனே கெஜாங் பிடித்து, முழங்கால் பூட்டிக்கொண்டு, கட்டை போல் நீளும். அந்த வேகத்தில் கையை ஊன்றி எழுந்துவிடுவார். எழுந்த பிறகு அந்த விறைப்பு போகாது. தன் உடம்பின் பாரமே அதைப் பிடித்து வைத்திருக்கும். இடுப்பை மேசையில் சாய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் இஸ்திரி போடுவார். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து மறுபடியும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதங்களில், நான் வேலைக்குப் போன நேரங்களில், கட்டில் விளிம்பில் விழுந்து எழுந்து தானே கண்டுபிடித்திருக்கிறார்.

இரவில் அதே கால்கள் வேறு மாதிரி. போர்வை பட்டால் மடங்கும். சிறுநீர் நிரம்பினால் உதைக்கும். மழை பெய்து குளிர்ந்தால் விடியும்வரை அடங்காது. ஒரே கட்டிலில் படுத்தால் என் முழங்கால் எலும்பெல்லாம் கன்றிப்போகும். இரண்டாம் வருடத்திலிருந்து நான் கீழே பாய் போட்டுப் படுத்தேன். அப்போதும் கட்டில் மரம் கிறீச்சிடும் சத்தத்தில் விழித்துக்கொள்வேன். எழுந்து கால்களை நீட்டிவிட்டு, தொடைமேல் என் பாரத்தைப் போட்டு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் கிளினிக்கில் மாத்திரை எண்ணும்போது கண் சொருகும்.

மருந்து மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியில் மூன்றாவது தட்டில், தசை தளர்த்தி என்று டாக்டர் சொல்லும் மாத்திரைகள் இருந்தன. பீடோரிலிருந்தும் மற்ற தோட்டங்களிலிருந்தும் இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு என்று வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். ஓர்ஃபெனாட்ரின் என்று பெயர். வலி மாத்திரையோடு சேர்ந்தது. எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. பிடிப்புக்கு இது மருந்து, என் வீட்டில் இருப்பதும் பிடிப்பு. ஒரு நாள் டாக்டரிடம் கேட்காமல் பத்து மாத்திரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

கால்கள் அடங்கவில்லை. மூன்றாவது நாள் இன்னும் மோசமாக உதைத்தன. வாய் காய்ந்துவிட்டது என்றார். அடிவயிற்றை அழுத்திச் சிறுநீர் கழிக்க அவர் பழகியிருந்தார். அன்றைக்கு எவ்வளவு அழுத்தியும் வரவில்லை. வயிறு பானை போல் உப்பியது. வியர்த்துக் கொட்டியது. நான் டாக்டரைக் கிளினிக்கிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் ரப்பர் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்த பிறகுதான் கால்கள் அமைதியாயின.

"என்ன குடுத்தே?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். அவர் குழாயைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் கிளினிக்கில், ஆள் இல்லாத நேரத்தில், என்னைக் கூப்பிட்டார்.

"தசை தளர்த்தின்னு டப்பாவுல போட்டிருந்தா எல்லாம் ஒன்னா? இடுப்புப் பிடிச்சவனுக்குத் தசையில வலி. அவனுக்கு அந்த மாத்திரை கொஞ்சம் மயக்கம் குடுத்து வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். உன் வீட்டுக்காரனுக்குத் தசையில ஒரு கோளாறும் இல்ல. மேலேருந்து அடக்குற ஆள் இல்ல, அதான் கீழே இருக்கிற தண்டுவடம் இஷ்டத்துக்கு ஆடுது. அந்த மாத்திரை மூத்திரப்பையையும் சோம்பலாக்கும். பை நிறைஞ்சா கால் ஆடும்னு உனக்கே தெரியும்."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தத் தட்டிலிருந்து நான் கேட்காமல் எடுத்த பத்து மாத்திரைக்கு அவர் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து எனக்குக் கொடுக்க ஆரம்பித்தார். "படி. புரியாததைக் கோடு போட்டு வை," என்பார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தசையைத் தளர்த்தும் மருந்துகள் ஒரே குடும்பம் இல்லை என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். சில மருந்துகள் மூளையை அரைத்தூக்கத்தில் வைக்கும், சில தண்டுவடத்தில் போய் வேலை செய்யும், ஒன்று தசை நாருக்குள்ளேயே போய் அது சுருங்காமல் தடுக்கும். அறுவைக் கூடத்தில் மட்டும் ஊசியாகப் போடுகிற இன்னொரு வகை உண்டு. நரம்பு தசையைத் தொடும் இடத்தையே அடைத்து, மூச்சு விடும் தசைவரைக்கும் நிறுத்திவிடும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைநாள், இஸ்திரி மேசையருகே நின்றுகொண்டிருந்தவரின் கால்கள் திடீரென்று விறைப்பு மாறி மடங்கின. கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியோடு பின்னால் விழுந்தார். இடது முன்கையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது. டோபி அம்மா அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து, எனக்கு ஆள் அனுப்பினார். எங்கள் டாக்டர் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் பார்க்கும் நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது என் கணவரின் வெந்த கையை அல்ல என்பதை இப்போது எழுதிவிடலாம். ஒரு ராத்திரி முழுதாகத் தூங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிபுணர் இளவயதுச் சீனர். மெதுவாகப் பேசுவார். முதலில் டயசெபாம் கொடுத்தார். கால்கள் அடங்கின, ஆளும் அடங்கிவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி விழுந்தார். இரண்டு வாரத்தில் அதை நிறுத்திவிட்டு, புதிதாக வந்திருந்த ஒரு மருந்தை எழுதினார். பேக்லோஃபென். வட்டமான வெள்ளை மாத்திரை. அரை மாத்திரையாக மூன்று வேளை தொடங்கி, மூன்று நாளைக்கு ஒரு முறை அரை அரையாக, வேளைக்கு ஒன்றரைவரை கூட்ட வேண்டும். உடம்பிலேயே இயற்கையாக ஒரு பொருள் இருக்கிறது, நரம்புக்கு நரம்பு செய்தி போகும்போது அதைத் தணித்துவிடுவது அதன் வேலை, இந்த மாத்திரை அதைப் போலவே நடிக்கும் என்று அவர் எனக்கு விளக்கினார். நான் மருந்து மேசையில் இருப்பவள் என்று தெரிந்ததும் என்னிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நாள் இரவு நான் தானாக விழித்துக்கொண்டேன். சத்தமே இல்லை. பயந்து எழுந்து அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் சாதாரண மனிதரின் கால்கள் போல, ஒன்று லேசாக வெளியே சாய்ந்து கிடந்தன. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு.

அடுத்த முறை போனபோது நிபுணர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, கணுக்காலை மடக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது, கூட்டலாம் என்றார். வேளைக்கு இரண்டு மாத்திரை ஆயிற்று. அந்த வாரமே என் கணவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

தொடையில் தட்டினார். குதிகாலை மோதினார். கால்கள் லேசாக நீண்டு, பாதியில் தளர்ந்து, வாழைத்தண்டு போல் சரிந்தன. டோபி கடையில் இரண்டு முறை மேசையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தே போடட்டும் என்று அந்த அம்மா ஒரு சிறிய மேசை போட்டுக் கொடுத்தார். கை எட்டவில்லை, சட்டை முதுகில் மடிப்பு விழுந்தது. மூன்றாவது நாள், "நீ ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு தம்பி, தாப்பா," என்று சொல்லி அனுப்பினார். தாப்பா என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். அதைச் சொன்ன விதம் இவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது அறையில் விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரையைக் கொறைக்கணும்," என்றார்.

"டாக்டர் பாத்துதானே குடுத்திருக்காரு. பழகிடும்."

"காலு துணியா இருக்கு. நிக்க முடியல."

"இப்ப நிக்கலன்னா என்ன? நான் வேலைக்குப் போறேன்தானே."

நான் நிறுத்தியிருக்கலாம். "அஞ்சாறு மாசமா இப்பத்தான் நான் மனுஷி மாதிரி தூங்குறேன்," என்றேன். அஞ்சாறு மாசம்கூட இல்லை, ஐந்தாறு வாரம்தான்.

"சரி, தூங்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. காலையில் நான் இரண்டு எடுத்துக் கொடுப்பேன், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். மத்தியானத்துக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போவேன். இரவு மறுபடியும் கையில் கொடுப்பேன். அந்த இரண்டு வாரம் முடிந்த திங்கட்கிழமை இரவு அவர் கால் லேசாக உதைத்தது. மழை என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தால் ஆள் டோபி கடையில் இருக்கிறார். மேசைக்கு முன்னால் தூண் மாதிரி நின்று, தாதிகளின் வெள்ளை உடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"பழகிடும்னு சொன்னியே. பழகிடுச்சு," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது சரிதான் என்ற சந்தோஷம்.

புதன்கிழமை மத்தியானம் கிளினிக்குக்குப் போன் வந்தது. டோபி அம்மா. "நீ வா. தம்பி ஆளில்லாம பேசுறான்," என்றார்.

போய்ப் பார்த்தபோது அவர் கடையின் பின்சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் மரத்தில் செதுக்கியது போல் முன்னால் நீட்டி நடுங்கிக்கொண்டிருந்தன. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. என்னைப் பார்த்து, "பெரட்டுக்கு மணி அடிச்சாச்சு, நீ இன்னும் கெளம்பலியா?" என்றார். விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் மணியைச் சொல்கிறார். தொங்கிக்கொண்டிருந்த ஹோட்டல் விரிப்புகளைக் காட்டி, அந்த ரப்பர் மர நிரையில் யார் பால் வெட்டுவது, அங்கே ஆள் நிற்கிறது பார் என்றார். என்னைத் தெரிந்திருந்தது. இருக்கும் இடம் மட்டும் தெரியவில்லை. டாக்சி வருவதற்குள் கண் மேலே சொருகி, உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. அந்த அம்மாவும் நானும் அவரைத் தரையில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். நிபுணர் வந்து பார்த்தார். என்னிடம் முதலில் கேட்டது, "மாத்திரையை நிறுத்தினாரா?"

"இல்ல டாக்டர். மூணு வேளையும் நான்தான் குடுக்கிறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் கையால குடுக்கிறேன்," என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க ஆயத்தம் செய்தார்கள். அந்த நேரத்தில் டோபி அம்மா, கடையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு டப்பாவோடு வந்தார். கஞ்சி மாவு வைக்கிற தகர டப்பா. மூடியைத் திறந்து காட்டி, "இது தம்பி மேசைக்குக் கீழே இருந்திச்சு. மாவுக்குள்ள இருக்கு. இது என்ன?" என்றார்.

மாவுக்குள் வட்டமான வெள்ளை மாத்திரைகள். சில நாக்கில் நனைந்து ஓரம் கரைந்திருந்தன. நிபுணர் என் முகத்தைப் பார்த்தார். தாதியைக் கூப்பிட்டு மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக உடனே கொடுக்கச் சொன்னார். பிறகுதான் என்னிடம் சொன்னார். வெளியிலிருந்து அடக்குகிற மருந்து தினமும் வந்துகொண்டிருந்தால், நரம்புகள் தாங்களாக அடங்குவதைக் குறைத்துக்கொள்ளும். மருந்து ஒரே நாளில் நின்றுபோனால் எல்லாம் ஒன்றாகக் கட்டவிழ்ந்துவிடும், கால்கள் மட்டுமல்ல, மூளையும். குறைப்பதாக இருந்தாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தப் பெட்டியில் மடித்து வைத்திருந்த தாளில் இது இருந்தது. நான் அந்த வரியைப் படித்திருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை. மருந்தைப் பற்றி அவரிடம் நான் எதுவுமே சொன்னதில்லை.

மூன்றாவது நாள் தெளிந்தார். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் ஊட்டினேன்.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

தண்ணீரை விழுங்கிவிட்டுச் சொன்னார். "உன்கிட்டக் கேட்டேன். நீ தூங்கணும்னு சொன்னே. அதுவும் நியாயம்தான். அதான் ஒனக்குத் தெரியாம."

"எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாம்."

"பகல் பூரா நீ வேலை செய்றே. ஒன்கிட்ட என்னத்தச் சண்டை போடுறது?"

அழுகை வந்தது, அங்கே அழ வேண்டாம் என்று எழுந்து தண்ணீர்க் குவளையைக் கழுவப் போனேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் நிபுணர் வார்டில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், அவரிடம் நேராக, மலாயில் கேட்டார். "இந்தக் காலை வச்சு என்ன செய்றீங்க?"

என் கணவருக்குக் கேள்வி புரியவில்லை.

"விறைப்பு வேணும்னு மாத்திரையை ஒளிச்சு வச்சிருக்கீங்க. விறைப்பை வச்சு என்ன செய்றீங்க? காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிசியோவையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் எனக்குக் கெஜாங் என்று சொன்ன அதே பெண். என் கணவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, உணவு வைக்கும் மேசையைப் பிசியோ பிடித்துக்கொள்ள, தொடையைத் தட்டி, குதிகாலை மோதினார். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை எழுந்து நின்றுவிட்டார். வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிபுணர் குனிந்து அவருடைய முழங்காலுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார்.

"படுக்க வச்சுத்தான் நான் பாத்தேன். நிக்க வச்சுப் பாக்கவே இல்ல," என்று சொன்னார். எங்களிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

பிறகு மூன்று பேருமாகக் கணக்குப் போட்டார்கள். ஆம், என் கணவரையும் சேர்த்துத்தான். இந்த மருந்தின் வேகம் சில மணி நேரம்தான் இருக்கும். அது ஒரு குறை என்று தாளில் போட்டிருந்தது; எங்களுக்கு அதுவே வழியாயிற்று. இரவு படுக்கும்போது இரண்டு. விடியும்போது அதன் பிடி தளர்ந்துவிடும். வேலைக்குப் போகும் முன் அரை மாத்திரை மட்டும். வேலை முடிந்து, மூன்று மணிக்கு மேல், ஒன்று. அந்த அளவுக்கு மெதுவாக, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு இறங்கினோம். பிசியோ இரண்டு முறை டோபி கடைக்கே வந்தார். மேசைக்குப் பின்னால் இரண்டு மரத்தூண் நட்டு, இடுப்புக்குப் பின்னால் ஓர் அகலமான பட்டை கட்டச் சொன்னார், கால் மடங்கினாலும் விழாமல் இருக்க. டோபி அம்மா பழைய லாரிப் படுதாவை மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் அரை மாத்திரை போதாது. வெயில் காலத்தில் அதுவே அதிகமாகும். சில காலைகளில் எழுந்து நிற்க மூன்று நான்கு தடவை ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குமேல் மருந்து தேயத் தேய கால்கள் மெதுவாக ஆட ஆரம்பிக்கும், அதோடு என் தூக்கமும் முடியும். ஆனாலும் பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை நான் அவர் பக்கத்தில் கட்டிலில் தூங்கினேன். எனக்கு அது நிறைய.

மாத்திரை டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டேன். தாளில் உள்ளதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கேள்வி கேட்கிற ஆள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இது ஈரலைக் கெடுக்குமா, இதைச் சாப்பிட்டுவிட்டுப் பீர் குடிக்கலாமா, இன்னும் எத்தனை வருடத்துக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியாததை நான் கிளினிக் டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னேன். பீர் கூடாது என்றபோது மட்டும் டாக்டரை நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த நிபுணர் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். நம்மவர், பாகான் செராய்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். முதல் தடவையே இவரைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலைத் தட்டி, கணுக்காலை மடக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ரொம்ப விறைப்பா இருக்குதே அண்ணே. மாத்திரை ரொம்பக் கம்மி. பகல்ல கூட்டலாம்."

என் வாய்வரை வார்த்தை வந்துவிட்டது. அதற்குள் என் கணவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"வேணாம் டாக்டர். கூட்டுனா காலு துணியாயிரும். நான் நின்னு வேலை செய்றவன்," என்றார். "பகல்ல எனக்கு இந்த விறைப்பு வேணும். ராத்திரிக்குத்தான் வேணாம். அதுக்குத்தான் இப்படிப் பிரிச்சு வெச்சிருக்கு."

"நின்னு வேலையா?" டாக்டர் என்னைப் பார்த்தார்.

"அவர்கிட்டயே கேளுங்க," என்றேன்.

அவர் நின்று காட்டினார். டாக்டர் சுற்றி வந்து பார்த்தார், பழைய அட்டையைப் புரட்டினார், இரவு இரண்டு, காலை அரை, சாயங்காலம் ஒன்று என்று அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கொறைக்கணும் கூட்டணும்னா நீங்களே வந்து சொல்லுங்க அண்ணே. சொல்லாம நிறுத்தாதீங்க," என்றார்.

"ஒரு தடவை செஞ்சு பாத்துட்டேன்," என்றார் இவர்.

பஸ் நிறுத்தத்துக்கு அவருடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நல்ல வெயில். பசிக்கிறதா என்று கேட்டேன். பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். நாளைக்கு ஹோட்டல் துணி நிறைய வரும், சீக்கிரம் படுக்க வேண்டும் என்றும் சொன்னார்.